சிவராத்திரி விரதத்தோடு சிவனொளிபாத மலை ஏறலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அரச அலுவலகம் ஒன்றில் வேலை. பள்ளியில் கூடப் படித்த தோழிகள் எல்லோருக்கும் ஐம்பது நிறைவதால், சேர்ந்து சிவனொளிபாத மலைக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். மலையேற்றம் ஒழுங்கு செய்யும் குழு ஒன்றுக்குப் பாதிப் பணமும் கட்டியாயிற்று. சிவராத்திரிக்கு முதல் நாள் இரவு திருகோணமலையில் வான் புறப்படும். விடிய குருவிட்டவுக்கு அப்பால் உள்ள எரத்னயில் இறங்கி உடனே ஏறத் தொடங்குவார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குள், உச்சிக்குக் கீழே உள்ள ஹெரமிட்டிப்பானவுக்கு வந்து சேராதவர்களை மேலே விடமாட்டார்களாம். இரவு அங்கே இருந்துவிட்டு, அதிகாலை இரண்டு மணிக்கு உச்சிக்கு ஏறி, சூரிய உதயம் பார்த்து, மறுபக்கம் நல்லதண்ணியால் இறங்குவதுதான் திட்டம்.

சகோதரிக்கு ஏழு வருடமாகச் சீனி வருத்தம், நான்கு வருடமாகப் பிரஷர். சீனிக்குக் கிளிக்கிளசைட் 80 மில்லிகிராம் காலையும் இரவும், மெட்போர்மின், பிரஷருக்கு லொசார்ட்டன் என்று மூன்று குளிசை. கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c) 7.4 வீதம். இசிஜி நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். சிவராத்திரி என்பதால் முழு நாளும் விரதமிருந்து, செருப்பில்லாமல் ஏறுவதாக நேர்த்தி வைத்திருக்கிறார். பதிவுப் படிவத்தில் 'ஏதாவது நோய் உண்டா' என்று ஒரு கேள்வி. 'இல்லை என்று போடு, இல்லாவிட்டால் கழித்துவிடுவார்கள்' என்கிறார் கூட வேலை செய்பவர். மலை வருத்தத்துக்கு டயமொக்ஸ் குளிசையும், முழங்காலுக்கு ஏறும் முன் ஒரு டைக்குளோபெனக்கும் போடச் சொல்லியிருக்கிறார் ஒரு தோழி. கனடாவில் இருக்கும் மகள் 'அம்மா, வேண்டவே வேண்டாம்' என்று தினமும் அழுகிறார். 'என் அம்மா அறுபத்து மூன்று வயதில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர், நான் ஒரு மலை ஏற முடியாதா?' என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் மகளுக்கு ஒரு பதில். ஐம்பது வயது என்பதாலோ சீனி வருத்தம் என்பதாலோ மலை ஏறக்கூடாது என்று எந்த டொக்டரும் சொல்லமாட்டார். கிளினிக்கில் நாங்கள் தொண்டை வறள 'நடங்கள், நடங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடக்க ஆசைப்பட்டு ஒருவர் எழுதினால் அவரைத் தடுப்பது எங்களுக்கு அழகில்லை. நீங்கள் ஏறலாம் என்பதே என் எண்ணம். ஆனால் இந்தப் பாதையால், இந்த நேர அட்டவணையில், இந்த நேர்த்தியோடு ஏறுவதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தவை இரண்டு வரிகள். இரண்டையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று: 'இடைக்கிடை மத்தியானச் சாப்பாடு பிந்தினால் கை நடுங்கி வியர்க்கும், டொபி ஒன்று சாப்பிட்டால் சரியாகிவிடும்.' மற்றது: 'இரவில் பாதம் கொஞ்சம் எரியும், வயதுதானே.'

அந்தக் கை நடுக்கம்

அது சாதாரணப் பசி இல்லை. இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கும்போது உடம்பு காட்டும் அறிகுறி. உங்களுடைய மூன்று குளிசைகளில் மெட்போர்மின் தனியாக இப்படிச் செய்வது அரிது. லொசார்ட்டனுக்கும் இதில் பங்கில்லை. கிளிக்கிளசைட்தான் காரணமாக இருக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். காலையில் விழுங்கிய குளிசை மத்தியானமும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கதிரையில் இருந்து கோப்பு பார்க்கும் நாளிலேயே ஒரு மணித்தியாலம் சாப்பாடு பிந்தினால் உங்களுக்குச் சீனி இறங்குகிறது. மலையில் தொடைத் தசைகள் மணிக்கணக்காகச் சீனியை உறிஞ்சும். வயிறு வெறுமையாக இருக்கும். குளிசை தன் பாட்டில் வேலை செய்யும். மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. சீனி இறங்கினால் வரும் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, களைப்பு, எரிச்சல், தடுமாற்றம். மலை ஏறும் எல்லோருக்கும் இவை வரும். வியர்க்காமல் யார் ஏறினார்? அதிகாலைக் குளிரில் யார் நடுங்கவில்லை? திருகோணமலை வெக்கையிலேயே வளர்ந்த உடம்பு உங்களுடையது. உச்சியில் விடியும் முன் பத்துப் பாகைக்குக் கீழேயும் போகும், காற்று வேறு. நடுக்கம் குளிராலா சீனியாலா என்று உங்களாலும் சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்கும் தோழியாலும் சொல்ல முடியாது. அதனால் மலையில் ஒரே விதிதான்: சந்தேகம் வந்தால் இருந்து, சீனி பாருங்கள். பார்க்கும் மெசின் இல்லையென்றால் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு குளுக்கோஸ் குடியுங்கள். தேவையில்லாமல் நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் குடித்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

7.4 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். நல்ல எண்தான். ஆனால் அது சராசரி. உச்சத்துக்குப் போன நாளும் பள்ளத்துக்கு இறங்கிய நாளும் சேர்ந்தே 7.4 வரும். அடுத்த கிளினிக்கில் இந்த நடுக்கத்தை முதல் விடயமாகச் சொல்லுங்கள். மலைக்குப் போகாவிட்டாலும் சொல்ல வேண்டிய விடயம் இது. குளிசையின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

விரதமும் வெறுங்காலும்

இது பற்றிப் பேச எனக்குத் தயக்கம் உண்டு. நேர்த்தி உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. ஆனால் கேட்டுவிட்டீர்கள். நானும் சைவ வீட்டில் வளர்ந்தவன். என் அப்பாச்சி கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் எடுத்தவர். அவருக்குச் சீனி வந்த பிறகு குருக்கள்தான் 'நோயாளிக்கு விரத நியமம் தளர்த்தலாம், பாலும் பழமும் எடுங்கோ' என்று சொல்லி அவரது மனக் கஷ்டத்தைத் தீர்த்தார். நீங்களும் கோணேஸ்வரத்திலோ வேறெங்கோ உங்களுக்குப் பழக்கமான குருக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொன்னால் உங்களுக்கு மனம் ஆறும், நான் சொன்னால் ஆறாது.

என் பங்குக்கு மருத்துவம் மட்டும் சொல்கிறேன். கிளிக்கிளசைட் போட்டுக்கொண்டு பட்டினியாக மலை ஏறுவது முடியாத காரியம். 'அப்போ அன்றைக்குக் குளிசையை விட்டுவிடுகிறேன், விரதம் இருக்கிறேன்' என்றால் அதுவும் சரிவராது. பத்து மணித்தியாலம் ஏறுகிற உடம்புக்கு எரிபொருள் வேண்டும். அன்றைய நாள் கிளிக்கிளசைட்டைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை உங்கள் கிளினிக் டொக்டர் தீர்மானிக்கட்டும். பெரும்பாலும் குறைப்போம். நீங்களாக மாற்ற வேண்டாம். விரதத்தைச் சைவச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கச்சான், அவித்த கடலை, தேங்காய்ப்பூ ரொட்டி எல்லாம் பையில் போகட்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் கொஞ்சம். பசிக்கும்வரை பொறுக்க வேண்டாம்.

இனி அந்த எரியும் பாதம். ஏழு வருடச் சீனிக்குப் பிறகு இரவில் பாதம் எரிந்தால் அதை வயதின் தலையில் கட்டக்கூடாது. பாதத்து நரம்புகள் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம். எரிவு இருக்கும்போதே உணர்ச்சி குறையவும் செய்யும். கேட்க முரணாக இருந்தாலும் அப்படித்தான். கல் வெட்டினால் தெரியாது, கொப்புளம் உடைந்தால் தெரியாது, வீட்டுக்கு வந்து காலுறையில் இரத்தத்தைக் கண்டால்தான் தெரியும். சீனி வருத்தக்காரர் ஒரு விரலை இழப்பது பெரும்பாலும் இப்படி ஒரு சின்னக் காயத்தில்தான் தொடங்குகிறது. கிளினிக்கில் நைலோன் நூல் போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. இதுவரை யாரும் பார்க்கவில்லையென்றால் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சப்பாத்து அவசியம். புதுச் சப்பாத்து வேண்டாம், இன்றைக்கு வாங்கினால் மலைக்கு முன் ஐம்பது அறுபது கிலோமீற்றராவது அதில் நடந்திருக்க வேண்டும். உச்சியில் பாதம் இருக்கும் மலுவவுக்குள் எல்லோருமே செருப்பைக் கழற்றித்தான் போகிறார்கள். உங்கள் வெறுங்கால் நேர்த்தியை அங்கே நிறைவேற்றலாம். வெளியே வந்ததும் பாதத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, துடைத்து, காய்ந்த காலுறை மாட்டுங்கள்.

அம்மாவின் பாதயாத்திரையும் இந்த மலையும்

அம்மா கதிர்காமம் நடந்தது பெரிய விடயம். வெருகல் தாண்டி, மட்டக்களப்பு தாண்டி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, காட்டுக்குள்ளால் போகும் பாதை அது. ஆனால் அது பெரும்பாலும் சமதரை. வெயில் ஏற முன் நடப்பார்கள், மத்தியானம் கோயில் மடத்தில் படுப்பார்கள், போகிற இடமெல்லாம் அன்னதானம். உடம்பு நாளுக்கு நாள் பழகும். மலை அப்படி இல்லை, ஒரே நாளில் முழுக் கணக்கையும் கேட்கும். அதிலும் இறக்கத்தில்தான் கேட்கும்.

நல்லதண்ணிப் பக்கம் ஏறக்குறைய 5,500 படி என்பார்கள். இருபது படி ஒரு மாடி என்று வைத்தால் 275 மாடி. ஊர் கிட்டத்தட்ட 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, உச்சி 2,243 மீற்றர். அதாவது ஆயிரம் மீற்றர் ஏற்றம். எரத்னப் பாதை தாழ்நிலத்திலிருந்தே தொடங்குகிறது. ஏற்றம் ஒன்றரை மடங்குக்கும் மேல், தூரமும் மிக அதிகம். ஆனால் எனக்குத் தூரம் பெரிய பிரச்சினை இல்லை. திரும்பி வருவதுதான் பிரச்சினை. பருவகாலத்தில் நல்லதண்ணிப் பாதை நெடுக வெளிச்சமும் தேத்தண்ணிக் கடையும் ஆட்களும் இருக்கும். எந்த இடத்திலும் 'எனக்குப் போதும்' என்று இருந்துவிடலாம், இறங்கிவிடலாம். எரத்னப் பக்கம் காடு. ஐந்தாறு மணித்தியாலம் ஏறிய பிறகு தலை சுற்றினால், முன்னால் போனாலும் பின்னால் போனாலும் நீண்ட தூரம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் நாடு முழுவதும் இலவசமாக வரும், ஆனால் தார் ரோட்டு முடிகிற இடம் வரைதான். அதற்கு மேல் நாலு பேர் தூக்க வேண்டும்.

நான் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். முதல் தடவை மருத்துவ மாணவனாக, இரத்தினபுரிப் பக்கத்தால், வீரம் காட்டிக்கொண்டு. இறங்கி வந்த மறுநாள் விடுதிப் படிகளைப் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, வருத்தம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. முதல் நாள் இரவு முழுவதும் வானில், அடுத்த இரவு மலையில். இரண்டு இரவும் தூக்கம் இல்லை. திட்டம் போட்டவர் இளந்தாரி என்று நினைக்கிறேன். சிவராத்திரிக்கு விழித்திருப்பது சரி, அதற்கு முதல் இரவாவது படுத்துத் தூங்க வேண்டும். சிவராத்திரி அமாவாசைக்கு முன்னிரவு, நிலவு இருக்காது. போயா நாட்களின் நெரிசல் குறைவாக இருக்கலாம் என்பது நல்லது. தலையில் கட்டும் டோர்ச்சுக்கு மேலதிக பற்றரி கட்டாயம்.

அதனால் நான் சொல்வது இது. நீங்களும், முழங்கால் பயம் உள்ள ஓரிரு தோழிகளும் எரத்னவை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முன்னதாகக் கண்டி வழியாக ஹட்டனுக்குப் போய், நல்லதண்ணியில் தங்கி, நன்றாகத் தூங்குங்கள். அடுத்த நாள் பின்னேரம் மெதுவாக ஏறத் தொடங்கினால், விடியும் முன் உச்சியில் மற்றவர்களைச் சந்திக்கலாம். இறங்குவது எப்படியும் எல்லோரும் அந்தப் பக்கம்தான். கட்டிய பணத்தில் இந்த மாற்றத்தைச் செய்ய முடியுமா என்று குழுவிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். 'எரத்னயால்தான் போவேன்' என்று மனம் அடம்பிடித்தால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள். இந்த வருடம் நல்லதண்ணியால் ஏறினால் அதற்கும் அதுவே பயிற்சி.

படிவத்தில் என்ன எழுதுவது

உண்மையை எழுதுங்கள். உங்கள் அலுவலக நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாதையில் நீங்கள் தடுமாறிப் பேச்சுக் குழறி இருந்தால், சீனி வருத்தம் என்று தெரிந்த வழிகாட்டி முதலில் இனிப்புத் தருவார். தெரியாதவர் 'களைப்பாக்கும், கொஞ்சம் படுங்கோ அக்கா' என்பார். அந்த ஒரு மணித்தியாலத்தில் நிலைமை கைமீறிப் போகலாம்.

சட்டம் என் துறை இல்லை. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பயணத்துக்குக் காப்புறுதி ஏதாவது இருந்தால், மறைத்த நோயைக் காரணம் காட்டிப் பணம் தர மறுக்க அவர்களுக்கு நல்ல சாட்டுக் கிடைக்கும். 'எது நடந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல' என்று அச்சடித்த வரியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அந்த வரியால் அவர்களுடைய எல்லாக் கவனக்குறைவும் மன்னிக்கப்பட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறவருக்குக் கடமை உண்டு. ஆனால் நீங்களே பொய் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

உங்களுக்கும் கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் குழுவைச் சேர்ந்த ஒருவர் வருவாரா? முதலுதவி படித்தவர் யார்? ஐந்து மணிக்குள் வர முடியாதவரைத் தனியாகத் திருப்பி அனுப்புவார்களா, ஆள் சேர்த்தா? மழை கொட்டினால் யார் முடிவெடுப்பார்? இவற்றுக்குச் சரியான பதில் இல்லையென்றால், உங்களுக்கு மட்டுமல்ல, வருத்தம் எதுவும் இல்லாத உங்கள் தோழிகளுக்கும் அந்தக் குழு சரிவராது. உங்கள் வருத்தத்தை வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்றில்லை. வழிகாட்டிக்கும், கூடவே நடக்கும் ஒரு தோழிக்கும் தெரிந்தால் போதும்.

அந்த இரண்டு குளிசைகள்

டயமொக்ஸ் வேண்டாம். உயரத்தால் வரும் மலை வருத்தம் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் கணக்கில் எடுக்கப்படும். நம் நாட்டில் ஆக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். இமயமலைக்குப் போகிறவர் பேச்சைக் கேட்டுத் தோழி சொல்லியிருக்கிறார். அந்தக் குளிசை சிறுநீரைக் கூட்டி, நாவை வறள வைக்கும், அவ்வளவுதான் லாபம்.

டைக்குளோபெனக் அதைவிட மோசம். லொசார்ட்டன் எடுக்கிறவர், வியர்த்து நீர் வற்றியிருக்கும்போது வலிக்குளிசையும் போட்டால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அழுத்தம் இரண்டு பக்கத்தாலும் குறையும். சீனி வருத்தத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் களைத்திருக்கலாம். வலித்தால் பெனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. முழங்காலுக்குக் குளிசையை விட ஊன்றுகோல் நல்லது. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து தண்ணீர் தங்கவில்லையென்றால், அது நிற்கும்வரை லொசார்ட்டனையும் மெட்போர்மினையும் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள்.

'ஜீவனி (நீர் வற்றாமல் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) குடித்தால் சீனி ஏறுமே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு லீற்றர் ஜீவனியில் குளுக்கோஸ் பதினான்கு கிராமுக்கும் குறைவு. மலைக் கடையில் தரும் ஒரு பிளேன்டியில் அவ்வளவு சீனி இருக்கும். பயமின்றிக் குடியுங்கள். அதற்காகத் தாகம் இல்லாமல் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம், உப்புக் குறைந்து அது வேறு தொல்லை.

இப்போதிருந்து என்ன செய்யலாம்

இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. முதல் வேலை கிளினிக். இசிஜி நல்லது என்பது படுத்திருக்கும்போது இதயம் ஒழுங்காக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஏறும்போது எப்படி என்று அது சொல்லாது. சீனி வருத்தக்காரருக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு வலி வலியாகவே வராமல் மூச்சு வாங்கலாக, தாடை உளைவாக, 'வாயு' என்று நினைக்கும் நெஞ்செரிவாக வரலாம். மாடிப்படி ஏறும்போது அப்படி ஏதாவது வந்து, நின்றதும் போகிறதென்றால் மலைப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு அந்தக் கிழமையே காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், உங்கள் வயதையும் இரண்டு வருத்தத்தையும் சொல்லி, நடக்கவைத்துப் பார்க்கும் இசிஜி தேவையா என்று கேளுங்கள். கண்ணின் பின்திரையை இந்த வருடம் பார்க்கவில்லையென்றால் அதையும் பார்த்துவிடுங்கள்.

பயிற்சிக்குத் திருகோணமலையில் மலை இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். உப்புவெளிக் கடற்கரை நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரம் வரை ஏற்றம் இருக்கிறதே. காலையில் மான்கள் மேயும் நேரத்தில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். அடுத்த கிழமை இரண்டு தடவை, பிறகு மூன்று நான்கு. சுவாமியையும் தினம் கும்பிட்டதாகும். அலுவலகத்தில் மூன்று மாடி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளுக்குப் பத்து மாடிக் கணக்கில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள். மூச்சு வாங்கினாலும் இரண்டு வசனம் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இறங்கும்போது லிப்டைத் தேட வேண்டாம். இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, அந்த வேலைதான் மறுநாள் நோகும். முதல் தடவை இரண்டு மூன்று நாள் நோகும், அடுத்த தடவை குறையும். அந்த முதல் நோவை மலையில் வைத்து வாங்காமல் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

சீனி பார்க்கும் மெசின் ஒன்று கட்டாயம் வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்து கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மணித்தியால ஏற்றத்துக்கு உங்களுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது இரண்டு மூன்று கிழமையில் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எந்த டொக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மலையன்று புறப்படும் முன் 100க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கால் மணித்தியாலம் பொறுங்கள். 250க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லையென்றால் அன்று ஏற வேண்டாம். மெசினை உள்சட்டைப் பக்கம் வையுங்கள், கடும் குளிரில் சில மெசின்கள் வேலை செய்யாது.

சீனி இறங்கினால் செய்வதைத் தோழிக்கும் சொல்லிக்கொடுங்கள். படி ஓரத்தில் அல்ல, உட்பக்கமாக இருத்த வேண்டும். நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் தண்ணீரில். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் பிஸ்கட்டோ வாழைப்பழமோ. அதன் பிறகு மேலே போவதா கீழே போவதா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், தோழி தீர்மானிக்கட்டும். சீனி இறங்கியவரின் பிடிவாதத்தை நான் வார்ட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். பருவகாலத்தில் பாதையில் பொலிசாரும் முதலுதவிக்காரரும் இருப்பார்கள்.

அட்டைக்குப் பயந்து அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அட்டை கடித்தால் கொஞ்சம் இரத்தம் போகும், கழுவிவிட்டுப் பிளாஸ்ரர் ஒட்டுங்கள். அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய இரவு கவனம் தேவை. மலை இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். தசைகள் அடுத்த இருபத்து நான்கு மணித்தியாலம் வரை இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொண்டிருக்கும். வானில் தூங்கி வழிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிடப் பஞ்சியில் இரவுக் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்துவிட வேண்டாம். அன்றிரவுக் குளிசை எவ்வளவு என்பதையும் டொக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். படுக்க முன் ஒரு தடவை சீனி பாருங்கள், நடுச்சாமத்தில் கணவரை எழுப்பச் சொல்லி இன்னொரு தடவை. மகளுக்கு அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள், கனடாவில் அப்போது பகல்தான்.